பின்பலகையில் குடியேறிய எஞ்சின்

பழைய மரப்படகின் வயிற்றிலிருந்து துருப்பிடித்த எஞ்சினைத் தூக்கிய பிறகு, தச்சர் பலகையைத் தட்டித் தட்டிக் காதுகொடுக்கும் நேரம்தான் எனக்குப் பிடிக்கும். நல்ல மரம் கணீரென்னும்; உளுத்தது சத்தத்தை விழுங்கிவிடும்.

சுழல்தண்டு போன துளையை அடைப்பது சின்ன வேலை. பின்பலகைதான் கணக்கு. புது எஞ்சின் படகுக்கு வெளியே பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு என்பதால், இனி எடையும் உந்துதலும் அதன் தலையில். நீளத்தண்டு அவுட்போர்டுக்குச் சுமார் 20 அங்குல உயரம், குட்டைத்தண்டுக்கு 15. விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். மேலேறினால் விசிறி காற்றைக் கடையும். தாழ்ந்தால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும். பின்பக்கம் கனப்பதால் பெட்ரோல் டாங்க் முன்னே நகரும்.

மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்ற அவுட்போர்டுக்கு ஒன்றரைக் குதிரைத்திறன்தான். அதற்கு இத்தனை கவலை இருந்திருக்காது! பழைய எஞ்சின் குழியில் இப்போது வலை சுருண்டு கிடக்கிறது.