மீனெறி தூண்டிலார் கண்ட மூங்கில்

குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. ஐந்தே அடிகள் கொண்ட அப்பாட்டில் அவர் ஆண்ட உவமையையே பெயராக்கி, மீனெறி தூண்டிலார் என்று வழங்கிவிட்டனர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் முதலியோரும் இங்ஙனம் தம் சொல்லாலேயே பெயர் பெற்றவர்கள். ஆயினும் அவர்களுக்கு வாய்த்த புகழ் இவருக்கு வாய்க்கவில்லை. செம்புலமும் பெயல்நீரும் திருமண அழைப்பிதழ் வரை வந்துவிட்டன. தூண்டில் இன்னும் கரையிலேயே கிடக்கிறது.

பாட்டின் பொருள் எளியது. களவில் கூடிய தலைவன் மணந்துகொள்ளாமல் காலம் தாழ்த்துகின்றான். தலைவி தோழியிடம் பேசுகின்றாள். தான் இங்கே இருப்பதாகத் தொடங்குகின்றாள். தன் நலன் மட்டும் அவனோடு அங்கே ஒழிந்ததாக முடிக்கின்றாள். இவ்விரண்டிற்கும் நடுவே அவன் நாட்டுக் காட்சி ஒன்று வருகின்றது. தினைப்புனம் காப்போர் கவண்கல் வீசுகின்றனர். அவ்வொலிக்கு வெருவிய காட்டு யானை, தின்பதற்கென வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகின்றது. விடப்பட்ட மூங்கில், மீனை எறியும் தூண்டில்போல விசைத்து மேலெழுகின்றது.

இதற்கு உள்ளுறை கூறும் முறை ஒன்று வகுப்பறைகளில் பழகிவிட்டது. யானை தலைவன், மூங்கில் தலைவி, கவணொலி ஊரார் அலர், யானை மூங்கிலை விட்டது தலைவனின் பிரிவு. கரும்பலகையில் இவற்றை எதிரெதிரே எழுதிக் கோடிழுத்துவிட்டால் மாணவர் படியெடுத்துக்கொள்வர். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் பாட்டு அக்கோடுகளுக்குள் அடங்குவதாயில்லை. மூங்கில் தலைவியானால், யானை விட்டவுடன் அது தலைநிமிர்ந்து வானோக்கி எழுவானேன்? தலைவியோ விடப்பட்டபின் நலன் இழந்து சாய்ந்தவள். பளு நீங்கி நிமிர்வதும் பிரிவால் வாடுவதும் எங்ஙனம் ஒன்றாகும்? இவ்வினாவைக் கேட்கும் மாணவன் ஒருவன் இருந்தால், அவனே பாட்டைப் படித்தவன். குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இயற்றிய பழைய உரை மறைந்துபோயிற்று. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் உ.வே. சாமிநாதையரும் உரையுடன் பதிப்பித்துத் தந்ததைக் கொண்டே இன்று நாம் கற்கின்றோம். பழைய உரைகாரர் கை நீட்டாத இடங்களில் கற்பவரே நின்று நோக்கியாக வேண்டும்.

நோக்க வேண்டிய இடம் யானையோ கவணோ அன்று, தூண்டில். இன்றைய வழக்கில் தூண்டில் என்றவுடன் வளைந்த முள்ளே நினைவிற்கு வருகின்றது. பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியா என வழங்கும் மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்தில் வளரும் பிள்ளையிடம் தூண்டிலை வரையச் சொன்னால், கேள்விக்குறியைத் தலைகீழாக்கியதுபோல ஒரு முள்ளை வரைந்து காட்டுவான். அவன்மேல் குற்றமில்லை. குறிஞ்சியும் அவனுக்கு அத்தகையதே. பினாங்கு ஸ்திரீட்டுக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குச் செல்லும் தைப்பூசத்திற்கு முந்தைய நாளில் மலையைப் பார்க்கின்றான். தினையை மளிகைக் கடைப் பொட்டலத்தில் பார்க்கின்றான். கவணைப் பார்த்தவனே அல்லன். நீரிணைக்கு அக்கரையில், செபராங் பிறையின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கோ இப்பாட்டின் ஒரு பாதி சொல்லாமலே விளங்கும். மூங்கிற்கழியின் நுனியில் நூல் கட்டி, மண்புழு கோத்து, வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்தவர்கள் அவர்கள். கழியே தூண்டில் என்பது அவர்களுக்குப் பாடமாகச் சொல்லவேண்டியதில்லை.

சங்க நூல்களும் அவர்கள் பக்கமே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாணர் குடி ஆடவன் ஒருவனைக் காட்டுகின்றார். பச்சை ஊன் இட்ட தோற்பையைத் தோளில் தொங்கவிட்டிருக்கின்றான். அவன் கையிலிருப்பது நெடிய மூங்கிற்கோல். அதன் தலையில் கயிறு இறுகக் கட்டப்பட்டிருக்கின்றது. கயிற்றின் முனையில் வளைந்த வாயுடைய இரும்பு. தூண்டில் என்னும் பெயர் ஈண்டு அந்தக் கோலுக்கே உரியதாய் நிற்கின்றது; முள்ளுக்கு இரும்பு என்றே தனிப்பெயர். அகநானூற்று 216ஆம் பாட்டில் ஐயூர் முடவனாரும் கயிறு பூட்டிய நுண்ணிய கோலால் மீன் கொள்ளும் பாண்மகளைக் காட்டுகின்றார். யாழுக்கு நரம்பு கட்டிய குடியே தூண்டிலுக்கும் நாண் கட்டியது என்பது தனியே எழுதத்தக்க செய்தி.

ஆகவே மீனெறி தூண்டிலாரின் உவமையில் மூங்கிலுக்கு உவமையாவது மூங்கிலே. காட்டில் வேரோடு நிற்கும் கழை ஒன்று. வெட்டப்பட்டு நீர்க்கரைக்கு வந்த கழை ஒன்று. மலைப்பொருளையும் நீர்த்துறைத் தொழிலையும் அவர் இணைத்தது இப்பாலத்தின் வழியே. திணை மயக்கம் என்று பெயரிட்டு அப்பால் சென்றுவிட்டால் இந்நுட்பம் கைநழுவிப்போகும்.

இனி, எறிதல் என்னும் வினை. தூண்டில் மீனை எறியுமா, பிடிக்குமா? பலர் இவ்விடத்தில் மீனைக் கவர்ந்த தூண்டில் என்று பொதுப்பட உரைத்துக் கடந்துவிடுகின்றனர். தூண்டில் பற்றிய நூல்கள் மிகுந்த மேனாட்டு வழக்கை நினைத்துக்கொண்டாலும் இவ்வினை விளங்காது. மாசிடோனிய நாட்டார் சிவந்த கம்பளியும் சேவலிறகும் முள்ளில் கட்டி, ஈப்போலத் தோன்றச் செய்து மீன் பிடித்ததை ஈலியன் என்னும் உரோம ஆசிரியர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு போலி ஈக்களை மாதவாரியாக வகுத்துரைக்கின்றது. எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி நீர்மேல் பறக்குமோ அதன் வடிவை அந்தப் பருவத்தில் கட்டவேண்டும். பெரும்பொழுதை நம்மவர் இலக்கணத்தில் வகுத்தனர். அவர்கள் இறகில் கட்டினர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நீலகிரியிலும் ஆங்கிலேயர் அவ்விளையாட்டிற்காகவே டிரவுட் மீனைக் கொண்டுவர 1860களில் முயன்றனர். 1907ஐ ஒட்டி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பின்னரே அது அம்மலையில் நிலைத்தது. மலையில் தூண்டில் என்றாலே உருளை பூட்டிய துரைமார் கோல் நினைவிற்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருளை பூட்டிய கோலில் மீன் பட்டால் நூலை விட்டும் இழுத்தும் மீனைக் களைக்கச் செய்து கரைக்குக் கொணர்வர். அவ்வளவு நேரமும் கோல் வளைந்தே இருக்கும். பாட்டிலுள்ள கோல் அத்தகையது அன்று. அதற்கு உருளை இல்லை. நூலின் நீளம் கோலின் நீளத்தை ஒட்டியதே. இரையை மீன் கவ்வியதும் கோலைச் சட்டென்று மேலே வெட்டி இழுக்கவேண்டும். மீன் நீரைவிட்டுப் பறந்து, பிடிப்பவன் தலைக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ சென்று, பின்னால் புல்தரையில் விழும். கோல் மீனைப் பிடித்துவைப்பதில்லை, எறிகின்றது. மீனெறி தூண்டில் என்ற தொடரில் ஒரு சொல்லும் மிகையாக இல்லை.

எல்லா மீனையும் இப்படி எறிந்துவிட முடியாது என்பதும் சங்கப் புலவர் அறிந்ததே. அகநானூற்று 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் காட்டும் வரால் பெரியது, ஆண். மலாய்க்காரர் ஹாருவான் என்னும் இனமே அது. இரும்பை இரையோடு விழுங்கிய அது ஆம்பல் இலையைக் கிழிக்கின்றது, குவளைப் பூக்களைச் சிதைக்கின்றது, வள்ளைக்கொடிகளைக் குழப்புகின்றது, பிடிப்பவன் இழுத்தும் வாராமல், கயிற்றில் கட்டிய சினங்கொண்ட காளைபோலக் குளத்தையே கலக்குகின்றது. அங்கே பிடிப்பவனை வேட்டுவன் என்றே நக்கீரர் பெயரிட்டது பொருத்தமே. உருத்திரங்கண்ணனாரின் வாளையோ முள்ளைத் தனியே விட்டு இரையை மட்டும் கவ்விச் சென்றுவிடுகின்றது. தப்பிய பின்னும் அச்சம் தீராமல், கரைப்பிரம்பு நீரில் நடுங்கும் நிழலைக் கண்டு தூண்டிற்கோலோ என்று வெருள்கின்றது. போராடும் மீன், தப்பும் மீன், எறியப்படும் மீன் என மூன்றும் இந்நூல்களில் உள்ளன. தலைவியின் பாட்டிற்கு மீனெறி தூண்டிலார் கொண்டது மூன்றாவது மீனை. அது போராடவில்லை, போராடுவதற்கு நேரமே இல்லை. இங்கே நீரில் இருந்தது, அங்கே கரையில் கிடக்கின்றது. தலைவியின் பேச்சு இங்கே என்று தொடங்கி அங்கே என்று முடிவதன் காரணம் இவ்வுவமையில் அடங்கியிருக்கின்றது. மீன் அவளுடைய நலன். மீனை இழந்த நீராக அவள் நிற்கின்றாள்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். பளு நீங்கிய மூங்கிலோடு நன்கு ஒப்பது, மீன் தப்பியதால் வெறுமையாய் எழும் கோலன்றோ? காட்சியளவில் தடை வலியதே. ஆனால் எறிதல் என்னும் வினை அவ்வாறு கொள்ள இடந்தராது. உவமையும் பொருளும் இவ்விடத்தில் சற்று விலகியே நிற்கின்றன. அவ்விலகலிலேதான் தலைவி சொல்லாமல் சொல்லும் செய்தி இருக்கின்றது. யானை ஒலிக்கு அஞ்சி, தின்ன வந்ததைத் தின்னாமல் போயிற்று. தூண்டில் எழும்போதோ ஒன்றைக் கொண்டுவிட்டே எழுகின்றது. தலைவனும் வெருண்டு விலகியவன்தான். ஆனால் வெறுங்கையோடு போனவன் அல்லன். காட்டைச் சொல்லும்போது அவன் அச்சத்தைச் சொல்கின்றாள். உவமை சொல்லும்போது அவன் எடுத்துச்சென்றதைச் சொல்லிவிடுகின்றாள். யானைக்குத் துதிக்கையே கை. அந்தக் கையிலிருந்து மூங்கில் நழுவுவதைக் கைவிடுதல் என்னும் சொல்லால் புலவர் குறித்ததும் தற்செயலாக இராது. அச்சொல்லின் மற்றொரு பொருள் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும்.

இதே மூங்கிலை 74ஆம் பாட்டில் மற்றொருவர் பாடியுள்ளார். அவர் பெயரும் தெரியவில்லை. விட்ட குதிரையார் என்றே வழங்கப்படுகின்றார். வானளாவிய பசிய மூங்கில் அவர்க்குக் கட்டவிழ்த்த குதிரை பாய்வதுபோலத் தோன்றுகின்றது. அங்கே வாடியவன் தலைவன். வேனிற்காலத்துக் காளைபோல அவன் மெலிந்தான் என்று கேட்டுத் தோழி மனம் இளகுகின்றாள். ஆதலின் மூங்கிலின் எழுச்சிக்கு விடுதலை பெற்ற குதிரை பொருந்திற்று. ஒரே மலைக்காட்சி, ஒருவர் குதிரையைக் கண்டார், ஒருவர் தூண்டிலைக் கண்டார். யார் இழந்தார் என்பதே உவமையை மாற்றியிருக்கின்றது. இவ்விரு பாட்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தால், உவமை அழகுக்காக ஒட்டப்படுவது என்ற எண்ணம் மாணவரை விட்டுத் தானே நீங்கும். நகரத்துப் பள்ளியில் யானைக்கு வழியில்லை. வளையும் பிரம்போ கழியோ ஒன்று போதும். நுனியில் நூல் கட்டிச் சிறு மாங்கொட்டை ஒன்றைத் தொங்கவிட்டு வெட்டி இழுத்துக் காட்டலாம். முன் வரிசையில் இருப்பவர் தலையைக் காத்துக்கொள்ளட்டும்.

பொழுதைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கவணொலி கேட்கின்றது எனின் தினைக்கதிர் முற்றிவருகின்றது என்று பொருள். கதிர் இல்லாத புனத்தைக் காப்பாரில்லை. தினை விளைந்து நிற்கும் அச்சில நாட்களே களவுக் காதலருக்கு உதவும் காலம். கதிர் கொய்துவிட்டால் புனங்காவல் முடியும், மகளிர் மனைக்குத் திரும்புவர், சந்திக்க வழி அடைபடும். காலம் தாழ்த்தும் தலைவனின் நாட்டைக் கூறவந்தவள் அந்தக் கவணொலியையே தேர்ந்தெடுத்துக் கூறுகின்றாள். யானையை வெருட்டியது ஒலி. அவளை வெருட்டுவது அவ்வொலி அறிவிக்கும் பருவம்.

பாட்டின் முடிவில் வரும் ஒழிதல் என்னும் சொல்லுக்கு எஞ்சித் தங்குதல் என்றும் பொருளுண்டு, அழிதல் என்றும் பொருளுண்டு. நலன் அவனிடம் தங்கிற்று என்று கொள்வதா, அழிந்தே போயிற்று என்று கொள்வதா? கரையில் எறியப்பட்ட மீனைக் கண்டவர்க்கு இரண்டு பொருளும் வேண்டியனவே. அது விழுந்தவுடன் இறப்பதில்லை; புல்லில் துள்ளிக்கொண்டு சிறிது நேரம் உயிரோடு கிடக்கும்.