டாங்கியின் முதுகில் ஏவுகணை

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு அஜேயா என்ற பெயரில் டி-72 வந்தது. டி-90, அர்ஜுன் என்று வரிசை நீண்டது. இவற்றில் டி-72க்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. சுழல்பீரங்கி இருந்த இடத்தில் மூன்று ஆகாஷ் ஏவுகணைகளை ஏற்றினார்கள். 2015 மே மாதம் தரைப்படையில் சேர்ந்த ஆகாஷ் இப்படித்தான் களத்துக்கு வந்தது.

இதற்கான நியாயம் வலுவானது. 1973 அரபு-இஸ்ரேல் போரில், அக்டோபர் 14 அன்று எகிப்தின் டாங்கிகள் தங்கள் வான்காப்பு ஏவுகணைக் குடையைத் தாண்டி சினாயில் முன்னேறின; ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்டவை அழிந்தன. டாங்கி போகும் இடத்துக்கு வான்காப்பும் போயாக வேண்டும். ராஜஸ்தான் மணலில் லாரி திணறும் இடத்தை டி-72 கடந்துவிடும். உதிரிபாகமும் பழுதுபார்க்கும் ஆளும் படையிலேயே உண்டு.

ஆனால் டாங்கியோடு கூடவே போவது வேறு, போகிற போக்கில் அதைக் காப்பது வேறு. 25 கிலோமீட்டர் பாயும் ஆகாஷுக்குத் தனக்கென்று கண் கிடையாது. ராஜேந்திரா ராடார் நின்றபடி இலக்கையும் ஏவுகணையையும் ஒருசேரக் கவனித்து, கடைசிவரை கட்டளை அனுப்ப வேண்டும். ஒரு ராடாரை நம்பி நான்கு ஏவுவாகனங்கள், பன்னிரண்டு ஏவுகணைகள். ராடார் அடிபட்டால் அத்தனையும் முடங்கும். ஒவ்வொரு ஏவுகணையும் 720 கிலோ என்பதால் மீண்டும் ஏற்றுவதும் எளிதல்ல. புதிய வடிவமான ஆகாஷ் பிரைமில் ஏவுகணைக்கே தேடுகருவி வந்திருப்பது ராடாரை நம்பியிருக்கும் குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும்.

அடுத்த தலைமுறை வான்காப்பு ஏவுகணை அமைப்பான கியூஆர்சாம், ஓடிக்கொண்டே தேடும், பின்தொடரும். ஏவ மட்டும் சற்று நின்றால் போதும். 2022 செப்டம்பரில் சந்திப்பூரில் ஆறு சோதனைகள் முடிந்தன. ஆனால் அது சக்கர வண்டியில் வருகிறது. ராடாரில் கிடைத்த லாபத்தை மணலில் இழக்க நேரிடும்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரில் ட்ரோன்களை வீழ்த்தியதில் பழைய எல்-70, ஷில்கா பீரங்கிகளுக்கும் பங்குண்டு. மலிவான ட்ரோனுக்கெல்லாம் ஏவுகணையைச் செலவழித்தால் கட்டுப்படியாகாது. ஷில்காவில் இன்னொரு பாடமும் இருக்கிறது: ராடாரும் பீரங்கியும் ஒரே சங்கிலிச்சக்கர வண்டியில். ஏவுகணையில் அதே வழியைத் தேடிய திரிசூல் திட்டம் 2008இல் கைவிடப்பட்டது.

ஆக, டி-72ஐத் தேர்ந்தது பிழையல்ல. கணக்கு பாதியில் நின்றுவிட்டது. சங்கிலிச்சக்கரம் செய்யும் திறன் ஆவடியில் அறுபது ஆண்டுகளாக இருக்கிறது. ஓடும்போதே பார்க்கும் ராடாரும் இப்போது கைவசம் உள்ளது. இரண்டையும் ஒரே வண்டியில் சேர்க்காதவரை, டாங்கிப் படைக்கு நின்றால்தான் குடை.