சீன வலையின் சமநிலை

பெர்ன்ஹில்லில் மைசூர் மகாராஜாவின் அரண்மனைக்கு அருகே குளிரில் வாழும் எங்களுக்குச் சமுத்திரம் தூரத்து விஷயமாயினும், நீலகிரித் தேயிலை கப்பலேறும் கொச்சித் துறைமுகத்தின்மீது ஒருவிதப் பாத்தியதை உண்டு.

உல்லாசக் கப்பல்களில் வரும் யாத்ரிகர்கள், காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவில் இறங்கி, ஒரு பகற்பொழுதுக்குள், 1524-இல் வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் ஆலயத்தையும், 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரி யூதர் ஜெபாலயத்தையும் பார்த்துத் திரும்புவது சம்பிரதாயம். அந்த அவசரத்திலும் அவர்களைக் கோட்டைக் கொச்சிக் கரையில் நிறுத்திவைப்பது சீன வலையே.

தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய இந்த யந்திரத்தில் மர்மம் ஏதுமில்லை. ஒருபுறம் அகன்ற வலை. மறுபுறம் வெவ்வேறு நீளக் கயிறுகளில் தொங்கும் கருங்கற்கள். நடுமரத்தின்மீது ஒருவர் மெல்ல நடந்து சென்றாலே வலை நீருக்குள் பணிந்துவிடுகிறது. சில நிமிஷங்கள் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாய்த் தளத்தில் அமர அமர, அது ஜலம் சொரிந்தபடி கம்பீரமாக எழுகிறது.

சீன வர்த்தகர் தந்தது என்பது ஒரு ஐதிகம். மக்காவு நகரிலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்தது என்பது மற்றொன்று. சிக்கும் மீனோ பெரும்பாலும் சொற்பம். எனினும் மனித பலம், பாரம், சமநிலை மூன்றையும் இவ்வளவு சிக்கனமாக இணைத்த சாதனத்தை லாப நஷ்டக் கணக்கால் மட்டும் மதிப்பிடுவது ரசனையாகாது.