குழந்தைகள் இல்லங்களில் குழந்தையின் குரல்: 2016 மாதிரி விதிகள் குறித்த ஒரு திறனாய்வு

குடும்பப் பராமரிப்பை இழந்த குழந்தைகளின் இல்ல வாழ்வை அறிய முற்படும் ஆய்வாளர் பெரும்பாலும் நாடுவது இல்லத்தின் ஆவணங்களையே. இந்தியாவில் அவ்வாவணங்களுக்கு அடிப்படையாக அமைவன இளைஞர் நீதிச் சட்டமும் (2015) அதன்கீழ் நடுவணரசு வகுத்த மாதிரி விதிகளும் (2016) ஆகும். இவ்விதிகளை ஒரு பனுவலாகக் கொண்டு, அதில் குழந்தை எங்குப் பேசுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதிகளின் பெரும்பகுதியில் குழந்தை செயப்பாட்டு நிலையிலேயே இடம்பெறுகிறது. அது குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறது, இல்லத்திற்கு அனுப்பப்படுகிறது, உடையும் படுக்கையும் வழங்கப்படுகிறது. உறங்கும் கூடத்தில் ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி என்னும் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளது. இவ்வளவுகள் தேவையற்றவை அல்ல. மாமல்லபுரத்து ஆதரவற்றோர் இல்லங்களில் நிகழ்ந்த சுரண்டல் பற்றிய 2007ஆம் ஆண்டுச் செய்திக் கட்டுரையிலிருந்து எழுந்த வழக்கும், அதில் உச்ச நீதிமன்றம் 2017இல் வழங்கிய தீர்ப்பும் கண்காணிப்பின் தேவையை உணர்த்துவன. ஆயினும், இரவில் அழுத குழந்தையிடம் வந்தவர் யார் என்பதை 40 சதுர அடி சொல்லாது.

குழந்தை எழுவாயாவது குழந்தைகளே உறுப்பினராக அமையும் குழுக்கள் பற்றிய விதியில்தான். 6-10, 11-15, 16-18 என்னும் வயதுப் பிரிவுகளில் அமையும் இக்குழுக்களின் பொறுப்புகளுள், பராமரிப்பாளர் இழைக்கும் கொடுமையைத் தெரிவிப்பதும் ஒன்று. ஆனால் குழுவின் நடவடிக்கைப் பதிவேட்டைப் பேணுவது இல்லப் பொறுப்பாளரின் கடமையாக வைக்கப்பட்டுள்ளது. முறையீட்டுக்கு உள்ளாகக்கூடிய நிருவாகத்தின் கையிலேயே முறையீட்டின் பதிவும் இருப்பது இவ்விதியின் அடிப்படை முரண் ஆகும்.

இம்முரணை ஓரளவு ஈடுசெய்வது கருத்துப் பெட்டி. அதனை அலுவலகத்திற்கு அப்பால், குழந்தைகள் தங்கும் அறைகளுக்கு அருகில் வைக்கவேண்டும் என்றும், அதன் திறவுகோல் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கவேண்டும் என்றும் விதி கூறுவது நுட்பமானது. எனினும் பெட்டி எழுத்தை முன்நிபந்தனையாகக் கொள்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோர்க்குக் குழுவும் இல்லை, எழுத்தும் இல்லை. தாமே சென்று முறையிட இயலாத இவர்களே பராமரிப்பாளரை முழுமையாகச் சார்ந்திருப்பவர்கள்.

ஆகவே, இல்ல ஆவணங்களில் முறையீடு இல்லாமையைக் குழந்தைகளின் மனநிறைவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இல்ல நிருவாகத்தைச் சாராத ஒருவர் குறித்த கால இடைவெளியில் வந்து, சிறு குழந்தைகளின் பேச்சையும் விளையாட்டையும் ஓவியத்தையும் கேட்டும் கண்டும் பதிவுசெய்யும் முறை விதிகளில் இடம்பெறுதல் வேண்டும். அத்தகைய பதிவு உருவாகும்வரை, நம் ஆய்வுகள் பேசுவது இல்லங்களைப் பற்றியே ஆகும். அவற்றில் வாழும் குழந்தைகளைப் பற்றி அன்று.