ஒரு பாஸில் ஊரெல்லாம் ஜிம்: மன்னாருக்குச் சரிவருமா?

மன்னார்ப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைபார்க்கும் பலருக்கு வீடு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே. வெள்ளி பின்னேரம் பஸ். காற்றைப் பார்த்துக் கரை மாறும் தீவு மீனவருக்கும், காலபோக விதைப்புத் தொடங்கினால் வயலைவிட்டு நகர முடியாத கட்டுக்கரைக்குளத்து விவசாயிக்கும் எல்லா மாதமும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஜிம் கட்டணம் மட்டும் முப்பது நாளைக்கும் சேர்த்தே வாங்கப்படுகிறது. போனாலும் காசு, போகாவிட்டாலும் காசு.

இதற்கு மருந்து என்று சொல்லித்தான் 'ஒரு பாஸ், பல ஜிம்' செயலிகள் வந்தன. எந்த ஒரு ஜிம்மிலும் அங்கத்தவராகத் தேவையில்லை. செயலிக்குக் காசு கட்டினால், அதில் இணைந்துள்ள எந்த இடத்துக்கும் போகலாம். அமெரிக்காவின் கிளாஸ்பாஸ், பெர்லினின் ஏர்பன் ஸ்போர்ட்ஸ் கிளப், இந்தியாவின் கல்ட்ஃபிட், ஃபிட்பாஸ் என்று பட்டியல் நீளம். மன்னாரை இவற்றின் வரைபடத்தில் தேடிப் பயனில்லை. ஆனால் மன்னார்ப் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இவற்றைப் பாவிக்கிறார்கள். லீவில் வரும் மச்சான்மார் "உங்கட பக்கம் இது இன்னும் வரேல்லையோ?" என்று கேட்கவும் செய்கிறார்கள். வந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த வியாபாரத்தில் பேர்போன பிள்ளை கிளாஸ்பாஸ். தொடங்கியவர் பாயல் கடாகியா, இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நடனக் கலைஞர். நியூயோர்க்கில் ஒரு பாலே வகுப்பைத் தேடி இணையத்தில் மணிக்கணக்காக அலைந்து களைத்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது. முதல் முயற்சிகள் எடுபடவில்லை. 2013இல்தான் மாதச் சந்தா வடிவம் பிடித்துக்கொண்டது. மாதம் 99 டொலர்; ஒரே ஸ்டூடியோவுக்கு மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் போக முடியாது என்பது விதி. பிறகு எத்தனை வகுப்பானாலும் போகலாம் என்ற 'அன்லிமிட்டட்' திட்டம் அதன் அடையாளமாகவே ஆனது. அதுவே கழுத்தையும் பிடித்தது. சந்தாதாரர் வகுப்புக்குப் போகப் போக, ஒவ்வொரு தடவைக்கும் கம்பனி ஸ்டூடியோவுக்குக் காசு கொடுக்கவேண்டும். 2016இல் நியூயோர்க்கில் அந்தத் திட்டத்தின் விலை ஏறக்குறைய 200 டொலருக்கு ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் திட்டத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். சந்தாதாரர்கள் கொதித்தார்கள். 2018இல் 'கிரெடிட்' முறை வந்தது: மாதம் வாங்கும் கிரெடிட்டிலிருந்து வகுப்புக்கு வகுப்பு கழிப்பார்கள். 2021இல் மைண்ட்பாடி என்ற மென்பொருள் நிறுவனம் கிளாஸ்பாஸை வாங்கிக்கொண்டது.

இன்றைய கிளாஸ்பாஸ் செயலியைத் திறந்தால் முதலில் வருவது வரைபடமும் நேர அட்டவணையும். யோகா, எடைப் பயிற்சி, நீச்சல் என்று பிரித்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு அருகில் எது திறந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இத்தனை கிரெடிட் என்று ஓர் எண். தட்டினால் பதிவு முடிந்தது. இந்த அளவில் வேலை சுத்தம். புதிய நகரத்துக்குப் படிக்கப் போன பிள்ளை, எந்தத் தெருவில் எந்த ஜிம் என்று ஆரையும் கேட்காமல் முதல் நாளே பயிற்சியைத் தொடங்கலாம்.

வில்லங்கம் அந்த எண்ணில் இருக்கிறது. அதே வகுப்பு, அதே ஆசிரியர். ஆனால் பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் ஓடிவரும் நேரத்துக்கு ஒரு விலை, ஆளில்லாத மத்தியானத்துக்கு வேறு விலை. பேசாலைக் கரையில் மீன் வரத்தைப் பார்த்து ஏலம் ஏறி இறங்குவதுபோல. மாதத் தொடக்கத்தில் வாங்கிய கிரெடிட் எத்தனை வகுப்புக்குக் காணும் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. பதிவுசெய்த வகுப்பை வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே விலக்கவேண்டும். பிந்தினால் அபராதம், போகாமலே விட்டால் இன்னும் கூட. புதியவர்களுக்குத் தரும் இலவசச் சோதனைக்காலம் முடியும்போது நிறுத்தாவிட்டால், அது தானாகவே கட்டணச் சந்தாவாக மாறிவிடும். முதல் நாளே கலண்டரில் குறித்துவைப்பது புத்தி.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஏர்பன் ஸ்போர்ட்ஸ் கிளப் இதைவிட நேரானது. படிப்படியான திட்டங்கள்; முன்பு அவற்றுக்கு எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சட்டை அளவுபோலப் பெயர். வாசலில் உள்ள கியூஆர் குறியைப் போனில் ஸ்கேன் செய்தால் உள்ளே போகலாம். 2012இல் பிரேசிலில் ஜிம்பாஸ் என்று தொடங்கி 2024இல் வெல்ஹப் என்று பெயர் மாறிய செயலி இன்னொரு வழியில் போகிறது. அதை வேலை கொடுக்கும் கம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்காக எடுக்கின்றன. உங்கள் கம்பனி அதில் இருந்தால் யோசிக்காமல் சேரலாம்.

சென்னையில் கதை வேறு. பெங்களூரில் 2016இல் தொடங்கிய கல்ட்ஃபிட், பல ஜிம்களை ஒரே பாஸில் சேர்த்த மும்பையின் ஃபிட்டர்னிட்டியை 2021இல் வாங்கியது. அதனால் தன்னுடைய நிலையங்களோடு தெருமுனை ஜிம்களும் ஒரே செயலிக்குள் வந்தன. அதில் மெச்சத்தக்க வசதி 'பாஸ்' அல்ல, 'போஸ்': ஊருக்குப் போகும் நாட்களில் சந்தாவை நிறுத்திவைத்து, திரும்பியதும் தொடரலாம். எத்தனை நாள் நிறுத்தலாம் என்பது எடுத்த திட்டத்தைப் பொறுத்தது. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்பதை மட்டும் எந்தச் செயலியானாலும் படத்தை நம்பாமல் ஜிம்முக்குப் போன் எடுத்துக் கேட்பதே நல்லது.

இனிக் காசுக் கணக்கு. மாதக் கட்டணத்தில் நாம் எவ்வளவு இழக்கிறோம் என்பதைப் பொருளியலாளர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். அமெரிக்காவின் மூன்று ஜிம்களில் 7,752 அங்கத்தவர்களின் வருகைப் பதிவு. மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாகப் போனது மாதத்துக்கு 4.3 தடவை. ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் பத்துத் தடவைக்கான கார்ட் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டொலர்தான். அடுத்த மாதம் ஒழுங்காகப் போவோம் என்று நம்மை நாமே நம்பிக் கட்டிய காசு அது. பத்துத் தடவைக் கார்ட் என்ற அந்தப் பழைய கடதாசித் துண்டுக்குச் செயலி வேண்டியதில்லை, சேவரும் வேண்டியதில்லை.

மன்னாருக்குக் கணக்குப் போடும்போது இன்னொன்றும் முக்கியம். பாஸ் செயலிகள் நெருக்கத்தில் பிழைப்பவை. நடந்துபோகும் தூரத்தில் பத்து ஜிம், ஒவ்வொன்றிலும் காலியான நேரம், தெருவெல்லாம் புதுமுகம். அங்கே செயலி கொண்டுவருவது ஜிம்காரருக்கு மேலதிக வருமானம். மன்னார் நகரத்தில் ஜிம்முக்கு வருகிறவரை முதலாளிக்கு முகம் தெரியும், தகப்பனையும் தெரியும். தானாக வரும் ஆளைச் செயலி வழியாக வரவைத்து இடையில் தரகு கொடுப்பதால் அவருக்கு என்ன இலாபம்? முருங்கனிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ வருகிறவருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். அவருக்கு எந்த ஜிம் என்ற தெரிவைவிட, கடைசி பஸ் எப்போது என்ற தகவல்தான் பெரிது. பின்னேரம் பள்ளிமுனையில் பந்தடிக்கும் பொடியன்களுக்கோ காசில்லாமலே பயிற்சி நடந்துவிடுகிறது.

ஆனாலும் செயலியின் மூளையில் ஒரு துண்டு நமக்கு உதவும். ஒரே கட்டணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிம் என்ற அந்த யோசனை, வாரந்தோறும் இரண்டு ஊரில் வாழும் அந்த ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கு நூறு ஜிம் வேண்டாம். மன்னாரில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே கட்டணம். இரண்டு முதலாளிகள் போனில் பேசி உடன்பட்டால் போதும். வருகையை ஒரு வாட்ஸ்அப் குழுவில் குறிக்கலாம். காசை லங்காகியூஆர் வழியாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு இதுதான். பெரிய நகரத்தில், வாரம் இரண்டு மூன்று தடவை, வகைவகையாகப் பயிற்சி செய்ய விரும்புகிறவருக்குக் கிளாஸ்பாஸ் சரி. தினமும் ஒரே ஜிம்முக்குப் போகிறவருக்கு அது வீண்செலவு. சென்னையில் சில மாதம் தங்குகிறவர், நிறுத்திவைக்கும் நாட்களைக் கேட்டறிந்து கல்ட்ஃபிட் எடுக்கலாம். மன்னாரில் இருப்பவர் எந்தச் செயலிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை மாதக் காசு கட்டப் போகும்போது முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பத்துத் தடவைக்கு ஒரு கார்ட் தருவீங்களோ? வீட்ட போய் நிக்கிற நாளைத் தள்ளிப் போடுவீங்களோ?"