வாசலோடு முடிந்துவிடும் கதைகள்

கடந்த வருடம் ஒரு சிறுகதைத் தொகுப்புக்காக வந்து சேர்ந்த கதைகளை வாசித்துத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவற்றுள் ஐந்து கதைகள் முதியோர் இல்லம் பற்றியவை. எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு வயதினர். ஆனால் ஐந்து கதைகளிலும் ஒரே வேன் ஒரே வாசலில் வந்து நிற்கிறது. மகன் இறங்குகிறான். மருமகள் இறங்கவில்லை. உம்மா ஒரு துணிப்பையுடன் இறக்கிவிடப்படுகிறார். வேன் திரும்பிப் போகும்போது உம்மா மகனுக்காகக் கையேந்தி துஆச் செய்கிறார். கதை முடிகிறது.

இவற்றுள் இரண்டு கதைகளில் அந்த உம்மாவுக்கு மறதி நோய். மகனின் பெயரே அவருக்கு நினைவில்லை. அப்படியானால் யாருக்காக துஆச் செய்கிறார் என்ற கேள்வி எழுதியவருக்கு எழவில்லை. முதல் வாசிப்பில் எனக்கும் எழவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நானும் இதே கதையை எழுதியவன்தான். 1990களின் நடுப்பகுதியில் ஒரு வாரப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் அது வந்தது. பாராட்டிச் சிலர் கடிதமும் எழுதினார்கள். அப்போது எனக்கு மறதி நோயும் தெரியாது, முதியோர் இல்லமும் தெரியாது.

இந்தக் கதைகள் அழவைக்கப் பார்க்கின்றன என்பது என் முறைப்பாடு அல்ல. அவை வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே என்ன நடக்கிறது, விட்டுவிட்டு வந்தவர் அன்றிரவு வீட்டில் என்ன செய்கிறார், அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறாரா, போனால் எதைப் பேசுகிறார் என்பவையெல்லாம் கதைக்கு வெளியே போய்விடுகின்றன. மகன் கெட்டவன் என்று நிறுவுவதோடு இல்லத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ராதாமோகனின் ‘60 வயது மாநிறம்’ (2018, ஹேமந்த் ராவின் 2016 கன்னடப் படத்தின் மறுஆக்கம்) இதைவிட ஒரு படி மேலே போகிறது. அல்ஸைமர் நோயாளியான தகப்பன் இல்லத்தில் இருப்பவர். அவரை வெளியே அழைத்துச்செல்லும் மகன் தன் கவனயீனத்தால் தொலைத்துவிடுகிறான். தேடித்திரிகையில் அவன் மனம் மாறுகிறது. பிரகாஷ்ராஜ் நன்றாக நடித்திருக்கிறார். ஆனாலும் தகப்பனுக்கு அந்த நோய் வந்ததே மகன் திருந்துவதற்காகத்தானோ என்று படம் முடியும்போது கேட்கத் தோன்றுகிறது.

கனடிய எழுத்தாளர் எலிஸ் மன்றோவின் ‘கரடி மலையைக் கடந்து வந்தது’ என்ற நீண்ட சிறுகதையை இந்தப் பின்னணியில் மறுபடி எடுத்து வாசித்தேன். 1999 டிசம்பர் இறுதியில் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் வந்து, 2001இல் அவரது தொகுதியொன்றில் சேர்ந்த கதை. ஒன்டாரியோவில் கிராமப்புற வீடொன்றில் வாழும் கிராண்ட் - ஃபியோனா தம்பதியரின் கதை. கிராண்ட் ஓய்வுபெற்ற பேராசிரியர், மாணவிகளோடும் பிற பெண்களோடும் தொடர்பு வைத்திருந்தவர். ஃபியோனாவுக்கு எழுபது வயது. சமையலறை லாச்சிகளில் எது எதில் இருக்கிறது என்று மஞ்சள் துண்டுகள் ஒட்டத் தொடங்குகிறார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வரும் வழியைத் தொலைபேசியில் கேட்கிறார். முடிவில் மெடோலேக் என்ற பராமரிப்பு நிலையத்தில் சேர்கிறார். நம்முடைய கதைகள் முடியும் இடம் இது. மன்றோ இதைச் சில பக்கங்களில் கடந்துவிட்டு அதற்கு அப்பால்தான் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்.

மெடோலேக்கில் ஒரு விதி. முதல் முப்பது நாட்களுக்கு யாரும் வந்து பார்க்கக்கூடாது. வந்தவர் இடத்துக்குப் பழக வேண்டுமாம். அந்த முப்பது நாளும் கிராண்ட் தொலைபேசி எடுத்து விசாரிக்கிறார். முப்பது நாள் கழித்துப் பூக்களோடு போகும்போது, ஃபியோனா சீட்டு விளையாடும் மேசையருகே ஒப்ரி என்ற சக்கரநாற்காலிக்காரரின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். கிராண்டைப் புதிதாக வந்து சேர்ந்த ஒருவரை உபசரிப்பதுபோல் உபசரிக்கிறார். அவர் விளையாட்டுக்கு நடிக்கிறாரோ என்றுகூட கிராண்டுக்குச் சந்தேகம். ஐம்பது வருடத்துக்குக் கிட்டிய தாம்பத்தியம் முப்பது நாளில் எங்கே போயிற்று என்று அவர் யாரிடமும் கேட்க முடியாது. கேட்கக்கூடிய ஒரே ஆள் அங்கே வேலைசெய்யும் கிறிஸ்டி என்ற தாதி. இப்படியான நட்புகள் இங்கே சாதாரணம் என்கிறார் அவர்.

அந்தக் கிறிஸ்டியை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவில்லை. கணவன் விட்டுப்போய், தனியாளாய்ப் பிள்ளைகளை வளர்ப்பவர். அவருடைய பார்வையில் கிராண்டும் ஃபியோனாவும் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் பிழைத்துப்போகாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்ட அதிர்ஷ்டசாலிகள். மன்றோ இதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். நம்முடைய இல்லக் கதைகளில் வேலைசெய்பவர் ஒன்றில் அரக்கியாக வருவார், அல்லது பெற்ற மகளைவிட அன்பான தேவதையாக வருவார். சம்பளத்துக்கு வேலைசெய்து, வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைக்குச் சோறாக்க வேண்டிய ஒரு மனுஷியாக அவர் வந்ததை நான் கண்டதில்லை.

ஒப்ரியின் மனைவி மேரியன்தான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர். தனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமென்று கணவனைச் சில வாரங்களுக்கு மட்டும் அங்கே விட்டவர் அவர். பிறகு திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஃபியோனா அழுது, சாப்பிடாமல் மெலிந்து போகிறார். முற்றிலும் நினைவிழந்தவர்களை வைத்திருக்கும் மேல்மாடிக்கு அவரை மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், ஒப்ரியை மறுபடி கொண்டுவந்து விடுமாறு கேட்க கிராண்ட் மேரியனின் வீட்டுக்குப் போகிறார். மேரியனின் பதில் ஒரு கணக்கு: அவரை அங்கே நிரந்தரமாக வைத்திருக்க இந்த வீட்டை விற்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் இல்லை. கணவனை வீட்டில் வைத்துப் பார்க்கும் மனைவி அன்பினால் பார்க்கிறார் என்று நாம் முடிவுகட்டியிருப்போம். மேரியன் வீட்டுக்காகப் பார்க்கிறார். ஆனாலும் நன்றாகத்தான் பார்க்கிறார். அவர்மீது ஒரு குறையும் சொல்ல முடியாமல் மன்றோ நம்மை உட்காரவைத்துவிடுகிறார்.

இதே கதையை 2006இல் சாரா பொலி படமாக்கினார். ஜூலி கிறிஸ்டியின் நடிப்புக்காக அதைப் பார்க்கலாம். மற்றப்படி கதையின் கசப்பு படத்தில் சற்றுக் குறைவு.

கதையைப் பற்றி ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவியின் மறதியோடு கணவனின் துரோகங்களும் அழிந்துபோகின்றன. மனைவியின் சந்தோஷத்துக்காக இன்னொரு ஆணைத் தேடிக்கொண்டுவரும் கிராண்டை நான் முன்பு பெரிய மனதுக்காரராக வாசித்தேன். மன்றோ 2024 மே மாதம் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்கும் மறதி நோய் இருந்தது. அந்த ஜூலையில் அவருடைய மகள், சிறுவயதில் மாற்றாந்தகப்பனால் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையும், அதை அறிந்த பின்னும் தாய் அவரோடு வாழ்ந்ததையும் பகிரங்கமாக எழுதினார். அதற்குப் பிறகு இந்தக் கதையில் மறதி எவ்வளவு வசதியாக வேலைசெய்கிறது என்பது உறுத்துகிறது. கதை சிறியதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிராண்டை அவ்வளவு இலகுவாக மன்னிக்க இப்போது முடியவில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோவின் சிறு நூலில் இந்த வசதியெல்லாம் கிடையாது. அவரது தாய் நோர்மண்டியில் பலசரக்குக் கடை நடத்திய, குரல் உயர்ந்த பெண். அல்ஸைமர் நோய் வந்தபின் மகளோடு சிறிது காலம் இருந்து, 1984 தொடக்கத்தில் பொந்துவாஸ் வைத்தியசாலையின் முதியோர் விடுதிக்குப் போய், 1986 ஏப்ரலில் இறந்தார். ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வந்தபின்னும் கிடைத்த துண்டுக் கடதாசிகளில் எர்னோ குறித்துவைத்தவைதான் அந்த நூல். 1997இல், பத்து வருடத்துக்கு மேல் பொத்திவைத்திருந்துவிட்டு, அவற்றைத் திருத்தாமலே வெளியிட்டார். தாய் கடைசியாக எழுதிய ஒரு வாக்கியம்தான் நூலின் பெயர். தாயைப் பற்றி முன்பே அவர் எழுதிய ‘ஒரு பெண்’ ஒழுங்கான நூல், துக்கத்தை அமைதியாக வைத்திருக்கும் நூல். இதில் மூத்திர நாற்றம் இருக்கிறது, போகப் பிடிக்காத நாட்கள் இருக்கின்றன, தாயின் உடம்பில் தன் நாளைய உடம்பைக் கண்டு மிரளும் மகள் இருக்கிறாள். ஒழுங்கான நூலை எழுதிய அதே கையால் இதையும் வெளியிட்டது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

‘அதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கதை, நாம் நம்முடையவர்களை வீட்டில் வைத்துத்தான் பார்ப்போம்’ என்று ஒரு நண்பர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். அவருக்கு நான் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘ஒரு பிரிவு’ (2011) என்ற ஈரானியப் படத்தைக் காட்டினேன். அதில் இல்லமே கிடையாது. தெஹ்ரானில் வங்கியொன்றில் வேலைசெய்யும் நாதிர், அல்ஸைமர் நோயாளியான தகப்பனை விட்டு வெளிநாடு வர மறுக்கிறான். நீ மகன் என்று அவருக்குத் தெரியுமா என்று மனைவி கேட்க, அவர் என் தகப்பன் என்று எனக்குத் தெரியுமே என்கிறான். நண்பர் கைதட்டாத குறை. மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட, தகப்பனைப் பார்க்க ராஸியா என்ற ஏழைப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைக்கிறான். கர்ப்பிணி. முதல் நாளே கிழவர் உடுப்போடு சிறுநீர் கழித்துவிடுகிறார். அந்நிய ஆணின் உடுப்பை மாற்றுவது பாவமாகுமா என்று ராஸியா மார்க்க விளக்கம் சொல்லும் இடமொன்றுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் சின்ன மகள், வாப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று உம்மாவுக்குத் தைரியம் சொல்கிறாள். பிறகொரு நாள் கிழவரைக் கட்டிலோடு கட்டிவைத்துவிட்டு அவள் வெளியே போக, அதிலிருந்து வழக்கு, பொய், சத்தியம் என்று படம் விரிகிறது.

நாதிர் பொல்லாதவன் அல்ல. தகப்பனைத் தானே குளிப்பாட்டும்போது அவர் முதுகில் சாய்ந்து அழுகிறான். ஆனால் பகல் முழுவதும் அவன் வங்கியில். ‘நான் விடமாட்டேன்’ என்ற அவனுடைய பெருமைக்கான வேலையைச் செய்வது பஸ் பிடித்து வரும் ராஸியா. படம் முடிந்தபோது நண்பர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு வேறு காரணம் இருந்தது.

நம்முடைய கதைகளுக்கு வருகிறேன். அந்த மகன், மருமகள், வேன் எல்லாம் எங்கிருந்து வந்தன? தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளிலும் சினிமாவிலும் இருந்து நாம் இரவல் வாங்கியவை என்பதே என் அபிப்பிராயம். கிழக்கிலும் இன்னும் பல முஸ்லிம் ஊர்களிலும் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்கு. உம்மா வாப்பா கடைசியில் இருப்பது அநேகமாக இளைய மகளோடு. உம்மாவை வீட்டைவிட்டு இறக்கும் அதிகாரம் மருமகளுக்கு நம் ஊரில் எங்கே இருக்கிறது? உண்மையில் பாரம் விழுவது மகளின் தலையில். அவளோ மத்திய கிழக்கில் வேறொருவரின் உம்மாவைக் குளிப்பாட்டப் போயிருக்கலாம். அல்லது கணவன் அங்கே போயிருக்க, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியே நிற்கலாம். இலங்கைத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்று இதற்கு நல்லதொரு சொல் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சிரிக்கத்தான் பழகியிருக்கிறோம். அறளை பெயர்ந்த உம்மாவோடு இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் மகளைப் பற்றி ஒரு கதையும் அந்தக் கட்டில் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்கிறது. எந்தப் பிள்ளை என்பதை வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

குத்பாக்களில் ‘பனூ இஸ்ராயீல்’ அத்தியாயத்தின் 23ஆம் வசனம் அடிக்கடி வரும். முதுமையடைந்த பெற்றோரை ‘உஃப்’ என்றுகூடச் சொல்லக்கூடாது என்று. ‘அந்நஹ்ல்’ 70ஆம் வசனத்திலும் ‘அல்ஹஜ்’ 5ஆம் வசனத்திலும், அறிந்திருந்தவர் ஒன்றுமே அறியாதவராகிவிடும் தள்ளாத பருவம் பற்றி வருகிறது. அந்தப் பருவத்துக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபியவர்கள் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். முதலாவது வசனம் நம் கதைகளில் நிறைய இருக்கிறது. மற்ற இரண்டும் ஒரு கதையிலும் நுழையவில்லை. ‘உஃப்’ என்ற அந்தச் சொல் வாயில் வராமல் பல்லைக் கடிக்கும் மனுஷி எந்த நிலையில் நிற்பாள் என்று யோசித்திருந்தால் நுழைந்திருக்கும்.

என் உம்மா 2012இலிருந்து நான்கு வருடம் அப்படி இருந்தார், தங்கச்சியின் வீட்டில். மச்சான் ஒருநாள் தயங்கித் தயங்கி, தூரத்தில் ஒரு பராமரிப்பு நிலையம் இருப்பதாகச் சொன்னார். நான்தான் கோபித்தேன். உம்மாவை நாங்கள் பார்ப்போம் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் போய் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணிநேரம் உம்மாவின் பக்கத்தில் இருந்துவிட்டு வருவேன். மற்ற நேரத்து ‘நாங்கள்’ தங்கச்சிதான். நாதிரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பேசாமல் இருந்ததன் காரணம் அது.

அந்த ஐந்து கதைகளையும் தொகுப்பில் சேர்க்கவில்லை. என்னுடைய பழைய கதையும் மறுபிரசுரமாக அதில் வருவதாயிருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒன்று எழுத உட்கார்ந்து, மகள் உம்மாவைக் குளிப்பாட்டும் இடத்தில் நின்றுவிட்டேன். சுடுதண்ணி வைப்பதாக எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

“சுடுதண்ணியா? வெயில்ல வெச்ச தண்ணி காக்கா. சுடுதண்ணி ஊத்தினா உம்மா பயந்து கத்துவா.”