தராசு ஏந்திய போர்: "அசனி சங்கேத்" திரைப்படம் பற்றி ஒரு திறனாய்வு

போரில் மாண்டவர் என்றதும் களத்தில் வீழ்ந்த வீரரையே நாம் நினைக்கிறோம். துப்பாக்கியின் ஓசையைக் கூடக் கேளாமல் போரினால் மாண்டவரும் உண்டு. 1943-இல் வங்காளத்தில் பட்டினிக்கு இரையானோர் அத்தகையோர். அவர்களைக் குறித்து விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய நாவலைத் தழுவிச் சத்யஜித் ராய் 1973-இல் இயக்கிய திரைப்படமே "அசனி சங்கேத்". இடி விழுமுன் தோன்றும் அறிகுறி என்பது தலைப்பின் பொருள். அவ்வாண்டே பெர்லின் திரைப்பட விழாவில் அது தங்கக் கரடி விருதைப் பெற்றது. இறையியல் மாணவர் இதைக் காண வேண்டும் என்பது நம் கருத்து. அதன் நிறைவுக்காக மட்டுமன்று, அதன் ஒரு குறைவுக்காகவும்.

கங்காசரண் என்னும் பிராமணன் மனைவி அனங்காவுடன் ஒரு சிற்றூரில் வாழ்கிறான். ஆசிரியன், புரோகிதன், வைத்தியன் ஆகிய மூன்று நிலைகளிலும் அவனை ஊராரே போற்றி உணவளிக்கின்றனர். வானில் விமானங்கள் பறக்கின்றன. சிங்கப்பூர் வீழ்ந்த செய்தி வருகிறது. அவ்வூர் எங்குள்ளது என்பதைக் கூட மக்கள் அறியார். ஆயினும் அரிசியின் விலை ஏறுகிறது. பின்னர் அரிசியே மறைகிறது. சுட்கி என்னும் பெண் அரிசிக்காகத் தன்னையே விற்கிறாள். தீண்டத்தகாதவளாகக் கருதப்பட்ட மோத்தி பசியால் இறக்கிறாள்.

இவ்வளவு துயரத்தினூடே வயலும் வானும் பசுமையும் ஒளியுமாய் விளங்குகின்றன. இந்த வண்ண அழகு துயரத்திற்குப் பொருந்தாதது எனச் சிலர் குறை கூறினர். அதை நாம் ஏற்கவில்லை. பச்சை வயலின் நடுவே மனிதர் பசியால் சாகின்றனர் என்றால், குற்றவாளி இயற்கையன்று. அவ்வழகே சாட்சியாக நிற்கிறது.

மோத்தியின் இறுதிக் கடனைத் தானே செய்யக் கங்காசரண் முற்படுவது படத்தின் உயர்ந்த காட்சி. ஆனால் அவசரப்பட்டு அதைப் பாராட்டலாகாது. உயிரோடிருந்தவளை விலக்கிய சாதி, அவள் பிணமான பின்னரே நெகிழ்கிறது. பேரரசின் கொடுமை ஊரின் பழைய கொடுமைமீது ஏறி வந்தது என்பதை ராய் மறைக்கவில்லை.

குறைவு வேறிடத்தில் உள்ளது. இப்பஞ்சம் மனிதரால் விளைந்தது என இறுதி எழுத்துகள் கூறுகின்றன. எந்த மனிதர்? 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தபின் பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் வந்திறங்குவர் என்றஞ்சிய பிரிட்டிஷ் அரசு கரையோர மாவட்டங்களிலிருந்து அரிசியை அகற்றியது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையும் அப்புறப்படுத்தியது. மீனவரின் பிழைப்பு அதோடு போயிற்று. அக்டோபர் புயல் மேதினிப்பூரை அழித்தது. படைக்கும் கல்கத்தாவின் ஆலைகளுக்கும் உணவில் முதலிடம் தரப்பட்டது. வணிகர் பதுக்கினர். பஞ்சம் எனச் சட்டப்படி அறிவிக்கப்படவுமில்லை. தானியம் ஏற்றிவரக் கேட்ட கப்பல்களை இலண்டன் போர் அமைச்சரவை போதிய அளவில் ஒதுக்கவில்லை. மாண்டவர் 15 இலட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. பிற்கால ஆய்வாளர் பலர் 20 முதல் 30 இலட்சம் என்பர். படம் 50 இலட்சம் என்கிறது.

பதுக்கும் வணிகனைப் படம் காட்டுகிறது, ஆணையிட்டவனைக் காட்டவில்லை. ஊரார் கண்ணுக்கு எட்டியதையே இயக்குநர் படமாக்கினார் என்பது நியாயமான விடையே. ஆனால் பார்வையாளனும் அவ்வூரிலேயே நின்றுவிட்டால், போரையும் விதியையும் பழித்து வீடு திரும்புவான்.

யோவான் கண்ட தரிசனத்தில் போரின் சிவப்புக் குதிரைக்குப் பின் கறுப்புக் குதிரை வருகிறது. அதன்மேல் இருப்பவன் கையில் வாளில்லை, தராசு இருக்கிறது. ஒரு நாள் கூலி ஒருவன் வயிற்றுக்கே போதும் தானியத்தை வாங்கும் நிலை வருகிறது. எண்ணெய்க்கும் திராட்சரசத்திற்கும் சேதமில்லை. போர் எளியோரிடம் விலையாக வருகிறது என்பதையும், சிலருடைய பண்டங்கள் காக்கப்படுகின்றன என்பதையும் வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரம் அறிந்திருக்கிறது.

படத்தின் முடிவில் வயோதிகப் பிராமணர் ஒருவர் பெருங்குடும்பத்தோடு அடைக்கலம் தேடி வருகிறார். கருவுற்றிருக்கும் அனங்காவும் கணவனும் அவர்களை ஏற்கின்றனர். அந்த விருந்தோம்பல் திருச்சபைக்கு நன்கு தெரிந்ததே. நிவாரணக் காணிக்கை எடுப்பதில் நாம் பின்வாங்கியதில்லை. தராசைப் பிடித்திருப்பவன் யார் என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்கவே நாம் இன்னும் தயங்குகிறோம்.